வயதுபோன மாடும் புதிய கையும்

இடம்பெயர்ந்து திரும்பிய குடும்பத்துக்கு முதலில் கிடைக்கும் மாடு பெரும்பாலும் இளம் மாடாக இருப்பதில்லை. இளம் நாம்பனுக்கு விலை கூட. ஆகவே எட்டு, பத்து வயது கடந்த எருதோ, பல கன்று ஈன்ற பசுவோ, எருமையோதான் கைக்கு வருகிறது. சில வேளை அது சொந்த மாடாகவே இருக்கும். ஊரைவிட்டு ஓடும்போது கயிற்றை அறுத்துவிட்டுப் போன மாடு, நெடுநாள் கழித்துக் காட்டோரத்தில் குறியை வைத்து அடையாளம் காணப்படும். மாடு அதேதான். ஆனால் கைக்கு வராது. கிட்டப் போனால் தலையைத் தூக்கும், மூச்சுவிடும், ஓடும்.

"இதை இனி ஒண்டும் செய்ய ஏலாது. வித்துப்போட்டு வேற பாப்பம்" என்ற பேச்சை வாழைச்சேனை, கிரான், வாகரைப் பகுதிகளில் நாம் பலமுறை கேட்டிருக்கிறோம். வயதுபோன மாட்டை வாங்க வருபவர் எதற்காக வாங்குகிறார் என்பது எல்லோருக்கும் தெரியும். அந்தக் காசில் இன்னொரு மாடு வாங்கவும் முடியாது. இருந்த ஒரு சொத்தும் அத்தோடு போய்விடும். இந்தப் பாடத்தில் அப்படிப்பட்ட மாட்டை மீண்டும் கைக்குப் பழக்குவது எப்படி என்று பார்ப்போம். சில கிழமைப் பொறுமை வேண்டும். அதற்குப் பலனாக இன்னும் பல வருட வேலையோ பாலோ கிடைக்கக்கூடும்.

எங்கள் கையால் நடந்த தவறு

2008ஆம் ஆண்டு வாகரைப் பக்கம் மீளக் குடியேறிய ஒரு குடும்பத்துக்கு ஒரு சோடி எருது வாங்கிக் கொடுத்தோம். இரண்டும் பல்லுச் சேர்ந்த மாடுகள், பார்வைக்கு நல்ல உடம்பு. வெவ்வேறு இடங்களில் வாங்கி, லொறியில் ஏற்றி, உச்சி வெய்யிலில் கொண்டுபோய் இறக்கினோம். அன்று கையளிப்பு நிகழ்ச்சி. ஊர் கூடியிருந்தது. படம் எடுக்க வேண்டும். இறக்கி ஒரு மணித்தியாலம் ஆவதற்குள் புது வண்டிலில் பூட்டச் சொன்னவர்கள் நாங்களேதான்.

நுகம் கழுத்தில் பட்டதும் சிவலை மாடு பாய்ந்தது. வண்டில் வேலியில் மோதி அச்சு முறிந்தது. குடும்பத் தலைவருக்குத் தோள் எலும்பு முறிவு. அந்த வருடப் பெரும்போகத்தை அவரால் செய்ய முடியவில்லை. மாட்டை அந்தக் கிழமையே விற்றுவிட்டார்கள். அவர்களைக் குறைசொல்ல எங்களுக்கு வாயில்லை. தோலுரித்தவர் மூலம் பின்னர் எங்களுக்குச் செய்தி வந்தது: நுகத் தழும்புக்கு அடியில் பழைய சீழ்க்கட்டி ஒன்று இருந்ததாம். மேலே தோல் மூடி மயிரும் முளைத்திருந்ததால் நாங்கள் காணவில்லை. கையால் அழுத்திப் பார்த்திருந்தால் மாடே சொல்லியிருக்கும்.

அன்றிலிருந்து ஒரு மாடு 'முரடு' என்று யாராவது சொன்னால், நாங்கள் முதலில் அதன் உடம்பைத்தான் பார்க்கிறோம்.

முதலில் வலியைத் தேடுங்கள்

கழுத்தின் மேற்பகுதியை உள்ளங்கையால் மெதுவாக அழுத்திக்கொண்டு போங்கள். ஓரிடத்தில் தோல் துடித்தாலோ, மாடு முதுகைத் தாழ்த்தி விலகினாலோ அங்கே ஏதோ இருக்கிறது. மூக்குத் துவாரத்தைப் பாருங்கள். பழைய கயிறு அறுத்த காயம், புழு, நாற்றம் இருந்தால் அது ஆறும்வரை மூக்கில் கயிறே வேண்டாம், தலைக்கயிறு போதும். கழுத்துப் புண்ணுக்கு இயந்திரக் கழிவு ஒயில் பூசும் வழக்கம் எங்கள் பகுதியில் இருக்கிறது. அதை விட்டுவிடுங்கள். ஆறவைத்த உப்புத் தண்ணீரால் கழுவி, ஈ மொய்க்காமல் பார்த்து, கால்நடை வைத்தியரிடம் காட்டுவது நல்லது. புண் ஆறும்வரை நுகம் வைக்கக்கூடாது.

குளம்பு நீண்டு வளைந்திருக்கிறதா? நெடுநாள் கட்டில் நின்ற மாட்டுக்கும் சதுப்பில் திரிந்த மாட்டுக்கும் இது வரும். குளம்பு நொந்தால் எந்த மாடும் இழுக்காது. கண்ணில் வெள்ளை படர்ந்திருந்தால் அந்தப் பக்கத்தால் போகிறவரைக் கண்டு மாடு திடுக்கிடும். அப்படியான மாட்டுக்கு எப்போதும் தெரியும் கண் பக்கத்தால் குரல் கொடுத்துக்கொண்டு போகவேண்டும்.

பல்லையும் பாருங்கள். மாட்டுக்கு முன்பல் கீழ்த்தாடையில் மட்டுமே உண்டு. நாலைந்து வயதில் எட்டுப் பல்லும் சேர்ந்துவிடும். அதன்பின் தேய்வுதான். பல் ஆடி, இடைவெளி விழுந்த மாடு குட்டைப் புல்லைக் கடிக்க இயலாமல் மெலியும். அசை போடும்போது அரைத்தும் அரையாததுமான உண்டை வாயிலிருந்து விழுந்தால் கடைவாய்ப் பற்களில் குறை. இந்த மாட்டுக்கு வைக்கோலைச் சிறிதாக நறுக்கி, தவிடும் புண்ணாக்கும் தண்ணீரில் குழைத்துக் கொடுங்கள். பசியோடு நிற்கும் மாட்டுக்குப் பழக்கம் சொல்லிக் கொடுக்க முடியாது.

மாட்டின் பழைய கதையைக் கேளுங்கள்

கன்றிலிருந்து நாமே வளர்த்த மாட்டுக்கு எங்கள் கை மட்டும்தான் தெரியும். வயதுபோன மாடு பல கைகளைக் கண்டது. ஒருவர் அடித்திருப்பார், ஒருவர் வாழைப்பழத் தோல் கொடுத்திருப்பார். மாட்டுக்கு இரண்டும் ஞாபகம் இருக்கும். மாடுகள் ஆட்களை வேறுபடுத்தி அறிவதையும், தம்மை முரட்டுத்தனமாக நடத்தியவரை விட்டு விலகி நிற்பதையும் பல நாட்டு ஆராய்ச்சியாளர்கள் சோதித்துக் காட்டியுள்ளனர். எங்கள் பட்டிக்காரருக்கு இது புதுச் செய்தி அல்ல.

ஆகவே வாங்கும்போது விலையை மட்டும் பேசிவிட்டு வராதீர்கள். என்ன பெயர் சொல்லிக் கூப்பிட்டீர்கள்? எந்தப் பக்கத்தில் பூட்டினீர்கள்? யார் தீன் வைத்தது, ஆணா பெண்ணா? எதைக் கண்டால் வெருளும்? கேட்டி பாவித்தீர்களா? திரும்பவும் நிற்கவும் என்ன சத்தம் கொடுப்பீர்கள்? இவற்றைக் கேளுங்கள். கடைசிக் கேள்வி எங்கள் பகுதியில் மிக முக்கியம். தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர் ஆகிய மூவரும் ஒருவருக்கொருவர் மாடு விற்கும் பிரதேசம் இது. வெலிக்கந்தைப் பக்கமிருந்து வந்த எருது சிங்களச் சொல்லுக்குத் திரும்பப் பழகியிருக்கலாம். நாங்கள் தமிழில் கத்திக் கத்தி அடித்தால் அதற்கு என்ன விளங்கும்? பழைய சொல்லையே சில நாள் பாவித்து, அதோடு சேர்த்து எங்கள் சொல்லையும் சொல்லிவந்தால் பின்னர் எங்கள் சொல்லுக்கே திரும்பும்.

பெரும்போக விதைப்புக் காலத்தில் வயல் நிலத்திலிருந்து மயிலத்தமடு, மாதவணை மேய்ச்சல் தரைகளுக்குக் கொண்டுபோகப்படும் மாடுகளின் கதை வேறு. அத்தரைகளுக்காகச் சித்தாண்டியில் பண்ணையாளர்கள் 2023 செப்டெம்பரில் தொடங்கிய போராட்டத்தைப் பலரும் அறிவர். மாடுகள் சுடப்பட்டும் வெட்டப்பட்டும் காயப்பட்டதாக அவர்கள் முறையிட்டார்கள். அது தனிக் கட்டுரைக்குரிய விடயம். இங்கு சொல்ல வேண்டியது இதுதான்: துரத்தப்பட்டுத் திரும்பிய மாடு மனிதர் எல்லோரையும் ஒரே ஆளாகவே நினைக்கும். அதற்கு இன்னும் அதிக நாள் கொடுங்கள்.

முதற் கிழமை: வேலை ஒன்றும் இல்லை

புது மாட்டை எப்படியும் இரண்டு கிழமை மற்ற மாடுகளிலிருந்து தள்ளிக் கட்டுவது நல்லது. கால்வாய் நோய் போன்றவை இருந்தால் அதற்குள் தெரிந்துவிடும். பழக்கத்துக்கும் இந்த நாட்களே வாய்ப்பானவை.

ஒருவரே, ஒரே நேரத்தில், ஒரே குரலில் போகட்டும். காலையும் மாலையும் தண்ணீரும் தீனும் வைத்துவிட்டு, அங்கேயே ஒரு பக்கமாகக் குந்தியிருங்கள். மாட்டை உற்றுப் பார்க்க வேண்டாம். பீடி, வெற்றிலை, பாய்க்குப் பன் பின்னுவது, எதுவானாலும் உங்கள் வேலையைப் பாருங்கள். முதல் நாள் நீங்கள் எழுந்து போகும்வரை மாடு தின்னாது. இரண்டாம், மூன்றாம் நாள் ஒரு கண்ணை உங்கள் மேல் வைத்துக்கொண்டு தின்னும். உங்கள் முன்னால் படுத்து அசை போட்ட நாளில் முதற் பாடம் முடிந்தது. எத்தனை நாளில் என்று எங்களிடம் கேட்காதீர்கள். ஐந்து நாளிலும் கண்டிருக்கிறோம், இருபது நாளிலும் கண்டிருக்கிறோம்.

எங்கள் பகுதியில் குதிரை இல்லை. நெடுந்தீவுக்குப் போனவர்கள் அங்கே கட்டாக்காலியாகத் திரியும் குதிரைகளைக் கண்டிருப்பீர்கள். போர்த்துக்கேயர், ஒல்லாந்தர் காலத்துக் குதிரைகளின் வழிவந்தவை என்பார்கள். ஆளின் கை படாமல் தலைமுறை தலைமுறையாகத் திரிந்ததால் அவை ஆளைக் கண்டால் விலகுகின்றன. குதிரை பழக்குவோரின் அனுபவம் மாட்டுக்கும் பொருந்தும். கி.மு. 4ஆம் நூற்றாண்டில் கிரேக்க நாட்டுச் செனோபன் குதிரைப் பயிற்சி பற்றி ஒரு நூல் எழுதினார். கோபத்தோடு குதிரையிடம் போகவே கூடாது என்பது அதில் அவர் வற்புறுத்தும் விதி. வீட்டில் சண்டை பிடித்துவிட்டுக் கொட்டிலுக்குப் போகிறவர்கள் இதைக் கவனிக்கவேண்டும். நாங்களும்தான்.

எங்கே நிற்பது

மாட்டின் கண்கள் தலையின் இரு பக்கத்திலும் இருப்பதால் அது தன்னைச் சுற்றி ஏறத்தாழ முழுவதையும் காணும். நேர் பின்புறம் மட்டுமே தெரியாது. அங்கிருந்து ஓசையின்றி வருவது எதுவோ அதற்கு அது புலிதான். ஆகவே பின்னால் போகாதீர்கள். மூக்குக்கு நேரேயும் போகாதீர்கள். தோள் பக்கமாக, சற்றுச் சாய்வாக, பேசிக்கொண்டு போங்கள்.

ஒவ்வொரு மாட்டுக்கும் தன்னைச் சுற்றி ஒரு எல்லை உண்டு. அதற்குள் நீங்கள் கால் வைத்ததும் மாடு விலகும். கைக்குப் பழகிய மாட்டுக்கு அந்த எல்லை ஒரு முழம்கூட இராது. காட்டில் திரிந்த மாட்டுக்கு ஐம்பது யாராக இருக்கலாம். ஐக்கிய அமெரிக்காவில் கொலராடோ மாநிலப் பல்கலைக்கழகப் பேராசிரியை தெம்பிள் கிராண்டின் இதை உலகெங்கும் பண்ணையாளருக்குப் படம் வரைந்து விளக்கிவருகிறார். எல்லையின் ஓரம்வரை போய் நில்லுங்கள். மாடு தலையைத் தூக்கினால் அதற்கு மேல் ஓரடியும் வைக்காதீர்கள். அது தலையைத் தாழ்த்தியதும் நீங்கள் ஓரடி பின்வாங்குங்கள். இந்தப் பின்வாங்கல்தான் மாட்டுக்கு நாம் கொடுக்கும் கூலி. அமைதியாக நின்றால் இந்த ஆள் விலகிக்கொள்வான் என்று அது படிக்கும். மறுநாள் எல்லை சிறிது சுருங்கியிருக்கும்.

நடத்துவதற்கும் இடம் உண்டு. தோளுக்குப் பின்னால் நின்று கிட்டப் போனால் மாடு முன்னே நடக்கும். தோளுக்கு முன்னால் போனால் நிற்கும் அல்லது பின்வாங்கும். இதை அறிந்தவருக்குத் தடி அதிகம் தேவைப்படாது. நிலத்தில் குறுக்கே விழுந்த நிழல், வேலியில் ஆடும் பொலித்தீன், பளபளக்கும் தண்ணீர், இவற்றைக் கண்டு மாடு தயங்கும்போது அடிக்காதீர்கள். முகர்ந்து பார்க்க விடுங்கள். அடித்தால் அந்த இடமும் அடியும் அதன் நினைவில் ஒன்றாகச் சேர்ந்துவிடும்.

தொடுவதற்கு ஆரம்ப இடம் தோளும் கழுத்தும். மாடுகள் ஒன்றையொன்று நக்கிக் கொள்ளும் இடங்கள் அவை. வீயன்னாவில் கால்நடை மருத்துவப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பசுக்களின் வெவ்வேறு இடங்களைத் தடவிப் பார்த்தார்கள். கழுத்தின் கீழ்ப்பகுதியையும் தோள்மேட்டையும் தடவியபோது அவை கழுத்தை நீட்டிச் செவியைத் தொங்கவிட்டன. அலைதாடியைச் சொறிந்து கொடுக்கும் எங்கள் அப்புமாருக்கு இதை யாரும் சொல்லவில்லை. முகத்தையும் கொம்பையும் தொட அவசரப்படாதீர்கள்.

ஒரு எச்சரிக்கை. நலமடிக்காத காளை இந்தப் பாடத்துக்குள் வராது. எவ்வளவு பழகினாலும் அதற்கு முதுகைக் காட்டக்கூடாது. தலையைத் தாழ்த்தி, உடம்பைப் பக்கவாட்டில் காட்டி, காலால் மண்ணைக் கிளறினால் மெதுவாக விலகி வேலிக்கு வெளியே வந்துவிடுங்கள். சிறு பிள்ளைகளை அனுப்பவே வேண்டாம்.

மீண்டும் நுகத்துக்கு

2022ஆம் ஆண்டு டீசலும் மண்ணெண்ணெயும் கிடைக்காமல்போன மாதங்களில், கொட்டிலில் சும்மா நின்ற பழைய எருதுகளுக்குத் திடீரென்று மதிப்பு வந்தது. வாழைச்சேனைக்கு அருகே கணவனை இழந்த ஒரு தாய் மயிலை எருது ஒன்றை வைத்திருந்தார். கணவர் இறந்தபின் ஒன்பது வருடமாக அது நுகத்தைக் காணவில்லை. அயலவரின் எருதைச் சோடி சேர்த்து, விறகு ஏற்ற அவருடைய மகன் பூட்டப் பார்த்தார். மூன்று நாளும் நுகத்துக்குக் கீழே வராமல் மயிலை சுற்றிச் சுற்றி நின்றது. மகன் கேட்டியை எடுத்துவிட்டார். நாங்களும் அங்கே நின்றோம். எங்களுக்கும் வழி தெரியவில்லை.

தெருவால் போன ஒரு பழைய வண்டில்காரர் நின்று பார்த்தார். கழுத்தைத் தடவினார். "மனே, இவன் வலத்து மாடு. இடத்தில கொண்டுபோய் நிப்பாட்டினா எப்படி நிப்பான்? அவன் தன்ர இடத்தைத்தான் தேடுறான்" என்றார். மகன் மாற்றி நிறுத்தினார். மயிலை தானாகவே தலையைத் தாழ்த்தியது. நாங்கள் முரட்டுத்தனம் என்று எண்ணியதெல்லாம் அந்த மாடு தன் வேலையைச் சரியாகச் செய்ய முயன்றதுதான்.

அதன்பிறகும் அவர்கள் அவசரப்படவில்லை. முதல் இரண்டு நாள் வெறும் நுகம், நடையில்லை. பின்னர் நுகத்தோடு வளவைச் சுற்றி நடை. அடுத்து ஒரு கட்டையை இழுத்தல், பின்னால் வரும் சத்தத்துக்குப் பழக இது வேண்டும். அப்புறம் வெறும் வண்டில். நாலாம் கிழமைதான் அரைப் பாரம். ஒவ்வொரு நாளும் மாடு களைப்பதற்கு முன், நன்றாக ஏதாவது செய்த இடத்திலேயே நிறுத்தி அவிழ்த்தார்கள். பிடிவாதம் பிடித்த இடத்தில் அவிழ்த்தால் பிடிவாதம்தான் படிப்பாகும். அப்படிப்பட்ட நேரத்தில் மாட்டால் இலகுவாகச் செய்யக்கூடிய ஒன்றை, நாலு அடி நடப்பதையாவது, செய்வித்துவிட்டு அவிழ்க்கவேண்டும்.

மூக்குக்கயிறு செய்தி சொல்வதற்கு. இழுத்துத் தொங்குவதற்கு அல்ல. மெதுவாக இறுக்கி, மாடு தலையைத் திருப்பிய அந்த நொடியே தளர்த்துங்கள். திரும்பிய பிறகும் இறுக்கிப் பிடித்தால் திரும்புவதில் அதற்கு என்ன இலாபம்?

பாரத்திலும் அளவு வேண்டும். நல்ல எருது தன் உடல் நிறையில் பத்தில் ஒரு பங்களவு இழுவையையே நாள் வேலையாகத் தாங்கும். வயதுபோனதற்கு அதிலும் குறைவு. இந்தியாவில் 1965ஆம் ஆண்டு இழுவை மாடுகளுக்கென விதிகள் வந்தன. நாளொன்றுக்கு ஒன்பது மணித்தியாலத்துக்கு மேல் வேலை கூடாது, ஓய்வின்றித் தொடர்ந்து ஐந்து மணித்தியாலத்துக்கு மேல் கூடாது, வெப்பம் 37 பாகையைத் தாண்டும் இடத்தில் நண்பகல் 12 முதல் 3 மணிவரை பூட்டக்கூடாது என்று அவை கூறுகின்றன. எங்கள் சித்திரை, வைகாசி வெய்யிலில் முதிய மாட்டுக்கு இதில் பாதி போதும். விடியற்காலை பூட்டி ஒன்பது மணிக்குள் அவிழ்த்துவிடுங்கள். எருமையானால் உச்சி வேளையில் குளத்திலோ சேற்றிலோ கிடக்க விட்டேயாக வேண்டும். அதற்கு வியர்வை குறைவு.

பால் இறக்காத பசு

"பாலை ஒளிக்குது" என்று பெண்கள் சொல்வது உண்மை. பால் இறங்குவதற்கு மாட்டின் மூளையிலிருந்து ஒக்ஸிரோசின் என்ற சுரப்பு இரத்தத்தில் வரவேண்டும். வெருண்ட மாட்டுக்கு வேறொரு சுரப்பு வந்து அதைத் தடுத்துவிடும். மடியில் பால் இருக்கும், கைக்கு வராது. அவுஸ்திரேலியாவில் போல் ஹெம்ஸ்வேர்த் என்ற ஆராய்ச்சியாளரும் அவரது குழுவினரும் பண்ணை வேலையாட்களுக்கு மாட்டை அடிக்காமல், கத்தாமல் நடத்தப் பயிற்சி கொடுத்தபோது பால் கூடியதைக் கண்டனர். கை மாறி வந்த பசுவைக் கறக்க முன் மடியைக் கழுவி, இளஞ்சூட்டுத் துணியால் ஒத்தடம்போல் துடைத்து, சற்றுப் பொறுங்கள். எருமைக்கு இன்னும் கூடுதலாகப் பொறுக்க வேண்டும். கன்று இருந்தால் முதலில் ஊட்ட விடுங்கள். பழைய வீட்டில் பெண் கறந்த மாடு ஆணின் கைக்கு இறக்க மறுப்பதுண்டு. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. அம்மாவிடம் செம்பைக் கொடுத்துவிட்டு நீங்கள் வைக்கோல் போடுங்கள்.

கை மாறும்போது

எங்கள் வீடுகளில் மாட்டைப் பார்க்கும் ஆள் அடிக்கடி மாறுகிறார். ஒருவர் மத்திய கிழக்குக்குப் போகிறார், ஒருவர் கொழும்புக்கு வேலைக்குப் போகிறார், ஒருவர் நோயில் விழுகிறார். விமானச்சீட்டு வந்ததும் கயிற்றை மனைவி கையில் கொடுத்துவிட்டுப் போனால் மாடு மறுநாளே பழையபடி ஆகிவிடும். போகும் நாளுக்கு ஒரு மாதம் முன்பே தொடங்குங்கள். முதலாம் கிழமை புதியவர் கூடவே வந்து நிற்கட்டும். இரண்டாம் கிழமை தீனை அவர் வைக்கட்டும், நீங்கள் பக்கத்தில் நில்லுங்கள். மூன்றாம் கிழமை கயிறு அவர் கையில், குரல் உங்களுடையது. நாலாம் கிழமை நீங்கள் படலைக்கு வெளியே நின்று பாருங்கள். மாட்டை எந்தப் பெயரால் கூப்பிடுவீர்கள், எந்தப் பக்கத்தில் பூட்டுவீர்கள், எந்தக் கண் தெரியாது, எங்கே தொட்டால் நோகும் என்பவற்றைப் பிள்ளைகளின் பழைய கொப்பி ஒன்றில் எழுதி, மாட்டுப் பத்திரத்தோடு சேர்த்து வையுங்கள்.